தொழில் விட்டார்க்கு உறும் மனச்சோர்வும் அதன் பரிகாரமும்

ஒரு தொழிலைத் தொடங்குதற்கும் வளர்த்தற்கும் வேண்டிய அறிவைப் புகட்டும் நூல்கள் பல உள. கல்லூரிகளிலே வணிகமும் கணக்கியலும் பாடங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. ஆனால், முப்பது நாற்பது ஆண்டு நடத்திய தொழிலை ஒருவர் விட்டு நீங்கும்போது அவருள்ளத்துக்கு யாது நிகழும், அதனை அவர் எங்ஙனம் தாங்குதல் வேண்டும் என்பன எப்பாடத்திலும் சொல்லப்படுவதில்லை. எம் கல்லூரியின் பழைய மாணவருள் வர்த்தகத்துறையிற் புகுந்து பெயர் பெற்றோர் பலர். அவருட் பலர் இன்று கடைத் திறப்பை மக்களிடமோ மருகரிடமோ ஒப்புவித்துவிட்டு வீட்டிலிருக்கும் பருவத்தினர். அவர்க்கும், அவரைத் தந்தையாகவோ பேரனாராகவோ கொண்ட மாணவர்க்கும் பயன்படுதல் கருதி இப்பொருளை ஈண்டு ஆராய முற்பட்டோம்.

அத்தகையோர் இல்லங்களிற் காணப்படும் நிலை ஒன்றுண்டு. கடன் இல்லை; பிள்ளைகள் நல்ல நிலையில் உள்ளனர்; உண்ணவும் உடுக்கவும் குறைவில்லை. ஆயினும், குடும்பத் தலைவர் விடியற்காலை மூன்று நான்கு மணிக்கே விழித்துக்கொண்டு முகட்டைப் பார்த்தபடி கிடக்கின்றார். பத்திரிகை விரித்தபடியே மடியிற் கிடக்கின்றது. பேரப்பிள்ளை வந்து பேசினால் ஒரு சொல்லில் மறுமொழி கூறுகின்றார். ‘உங்களுக்கு என்ன குறை?’ என்று மனைவியார் வினாவினால் அவரிடம் விடையில்லை. குறையொன்றும் இல்லாதவிடத்துத் துயருறுவது தமது நன்றியின்மையென்றும் உறுதியின்மையென்றும் எண்ணித் தம்மையே நொந்துகொள்கின்றார். வெட்கத்தாற் பிறரிடம் கூறாது மறைக்கின்றார். அத்துயரத்துக்குக் காரணம் உண்டு என்பதும், அது பெரும்பாலும் தீர்க்கத்தக்கதே என்பதும் இக்கட்டுரையாற் காட்டப்படும்.

நாள் குறியாத பிரிவு

அரசாங்க உத்தியோகத்தர்க்கு இளைப்பாறும் வயது முன்னரே விதிக்கப்பட்டிருக்கின்றது. அவர் அந்நாளை நோக்கி மனத்தை ஆயத்தஞ் செய்கின்றார், பிரியாவிடை பெறுகின்றார், உபகாரச் சம்பளமும் பெறுகின்றார். வர்த்தகருக்கு அத்தகைய நாள் இல்லை. நெஞ்சுநோய் வந்து வைத்தியர் தடுத்த நாள், பங்காளர் பிரிந்த நாள், மகன் பொறுப்பேற்ற நாள், கடையை விற்ற நாள் என இவற்றுள் யாதேனும் ஒன்று அவர்க்கு இறுதி நாளாகின்றது. தென்னிலங்கைப் பட்டினங்களிலே சுருட்டுக்கடையும் பலசரக்குக்கடையும் நடத்திய நம்மவருட் பலர்க்கு, 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்துக் கலவரமே அந்நாளாயிற்று. தாமே விரும்பி விட்டாரினும், விடுமாறு நெருக்கப்பட்டார்க்கே துயரம் மிகுதி என்பது இத்துறை ஆராய்ந்தோர் பலர்க்கும் ஒப்ப முடிந்ததாகும்.

தொழில் விட்டார் எல்லாரும் சோர்வுறுவர் என்று கொள்ளற்க. நிம்மதியுற்றுப் புதுவாழ்வு பெறுவோர் பலர். எனினும் அம்மாறுதல் சிறிதன்று. அமெரிக்க நாட்டு ஆராய்ச்சியாளராகிய ஹோம்ஸ், ராகே என்னும் இருவர், மாந்தர் வாழ்க்கையில் நேரும் 43 மாறுதல்களை அவை மனத்துக்கு உண்டாக்கும் பாரத்தின்படி வரிசைப்படுத்தி, 1967இல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100 புள்ளி வைத்த அவர்கள், இளைப்பாறுதலுக்கு 45 புள்ளி வைத்து அதனைப் பத்தாம் இடத்தில் அமைத்தனர்.

அச்சோர்வு உடனே தோன்றாமையும் கருதற்பாலது. இளைப்பாறுதலைச் சமூகவியல் நோக்கில் ஆராய்ந்த றொபேட் அச்சிலி என்பார், அதன்கண் பல படிகள் உண்டென 1976இல் எழுதினார். முதலில், விடுதலை பெற்ற மகிழ்ச்சி. யாத்திரை, உறவினர் வீடு, நெடுநாள் ஒத்திவைத்த வீட்டுத் திருத்தம் என்பவற்றாற் சில மாதங்கள் இனிது கழியும். அடுத்து வருவது ஏமாற்றம். அதன்பின்னர், பலர் தம்மை மீள ஒழுங்குபடுத்திக்கொண்டு ஒரு நிலையை அடைவர். எல்லாரும் எல்லாப் படியையும் கடப்பர் என்பதில்லை. ஆயினும், இரண்டாம் படியில் நிற்கும் ஒருவர், தாம் நிற்பது ஒரு படியே என்று அறிதல் பேராறுதலாம்.

தொழில் தந்த ஐந்து

வர்த்தகர் ஆண்டு முடிவிலே ஐந்தொகை எடுத்துத் தமது சொத்தும் பொறுப்பும் இவையென அறிவர். ஆனால், அத்தொழில் தமக்குக் காசையன்றி வேறென்ன தந்தது என்பதை அவ்வேட்டில் எழுதுவாரில்லை. அதனை ஒருவாறு எழுதிக் காட்டியவர் மாரி யகோடா என்னும் உளவியல் அறிஞராவார்.

ஒஸ்திரியா நாட்டிலே, வியன்னா நகரின் அயலில், மரியெந்தால் என்னும் ஒரு சிற்றூர் உண்டு. அவ்வூரார் பெரும்பாலும் ஒரே நெசவாலையை நம்பி வாழ்ந்தவர். உலகப் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அவ்வாலை மூடப்பட்டது. யகோடாவும் அவருடன் சேர்ந்த ஆராய்ச்சியாளரும் அவ்வூரை நுணுகி ஆராய்ந்து 1933இல் ஒரு நூல் வெளியிட்டனர். வேலையில்லாதார்க்கு நாள் முழுவதும் ஓய்வு. ஆதலின், வாசிகசாலையில் நூல் இரவல் பெறுவது பெருகியிருத்தல் வேண்டும் என்றே எவரும் நினைப்பர். உண்மையில் அது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. வீதியிலே ஆடவரின் நடை தளர்ந்தது. அவர்கள் அடிக்கடி நின்று நின்று சென்றனர். வீட்டு வேலை குறையாத பெண்டிரோ விரைந்து நடந்தனர். ஒரு நாளின் ஒவ்வொரு மணி நேரத்தையும் எங்ஙனம் கழித்தீர் என்று கேட்டபோது, அவ்வாடவர் சொல்லத்தக்கது மிகச் சிறிதாயிருந்தது. நேரம் பெருகியது, அதனைப் பயன்படுத்தும் ஆற்றல் சுருங்கியது.

மரியெந்தால் மக்கள் வறியவர், வேலையை இழந்தவர். பொருளீட்டி இளைப்பாறிய வர்த்தகருக்கு அவர் கதை பொருந்துமோ எனச் சிலர் வினாவலாம். வறுமைத் துயரம் வேறு என்பதை யாமும் உடன்படுகின்றோம். ஆயின், யகோடா பின்னர் 1982இல் எழுதிய நூலிலே, தொழிலானது கூலியையன்றி வேறு ஐந்தினையும் மறைவாகத் தருகின்றது என விளக்கினார். அவ்வைந்தும் செல்வர்க்கும் பொதுவே. அவற்றை நம் வர்த்தகர் வாழ்வோடு பொருத்திக் கூறுவாம்.

முதலாவது, நாளுக்கு ஓர் ஒழுங்கு. கடை திறக்கும் நேரம், சரக்கு வரும் நேரம், கணக்கு முடிக்கும் நேரம் என்பன பகலைப் பகுத்து வைத்தன. இரண்டாவது, வீட்டாரல்லாத மனிதருடன் நாள்தோறும் பழகுதல். மூன்றாவது, தம்மினும் பெரிய ஒரு நோக்கத்திற் பலருடன் கூடி உழைத்தல். நான்காவது, பெயரும் நிலையும். ‘முதலாளி’ என்று விளிக்கப்பட்டவர் அவ்விளியை ஒரே நாளில் இழக்கின்றார். ஐந்தாவது, விரும்பினும் விரும்பாவிடினும் எழுந்து இயங்கவேண்டிய கட்டாயம்.

இவ்வைந்தும் ஒருசேர நீங்கும்போது மனம் தளர்வது இயல்பேயாம். ஒரு வீட்டின் ஐந்து தூண்களையும் ஒரே நாளில் எடுத்துவிட்டுக் கூரை ஏன் சரிந்தது என்று வியப்பாருண்டோ? ஆகவே, சோர்வுற்றவர் தம்மை நன்றியில்லாதவர் என்று இகழ்தல் தகாது. இழந்தவை இவையென எண்ணி எடுத்தலே பரிகாரத்தின் தொடக்கமாகும்.

சாள்ஸ் லாம் கண்ட வழி

ஆங்கில இலக்கியம் கற்ற பழைய மாணவர் சாள்ஸ் லாம் என்பாரை மறந்திரார். அவர் கட்டுரையாசிரியர் என்பது யாவரும் அறிந்தது. அவர் வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கழித்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் காரியாலயத்துக் கணக்குப் பகுதியிலே என்பதைப் பலர் நினையார். 1792இல் அங்குச் சேர்ந்த அவர், 33 ஆண்டு பணியாற்றி, 1825 மார்ச்சு மாதத்தில் உபகாரச் சம்பளத்துடன் இளைப்பாறினார். அவ்வாண்டிலேயே, நெடுங்காலம் ஒரு வர்த்தக நிலையத்தில் உழைத்து விடுவிக்கப்பட்ட கணக்கர் ஒருவர் கூறுவதாகக் கட்டுரையொன்றை வெளியிட்டார்.

இளைப்பாறினார் மனநிலையை அக்கட்டுரை நன்கு காட்டுகின்றது. அக்கணக்கர், நீண்டகாலச் சிறையிலிருந்து திடீரென விடப்பட்டவர்போலத் திகைக்கின்றார். கிழமைகளுக்குள் வேறுபாடு மறைந்துபோகின்றது. அளவிறந்த காலம் கைக்கு வந்தும், அதனை மேற்பார்வை செய்வார் ஒருவர் வேண்டுமென்று நினைக்கின்றார். பழைய காரியாலயத்துக்குச் சென்று நண்பரைக் காண்கின்றார். தாமிருந்த மேசையும் தொப்பி மாட்டிய இடமும் பிறர்க்கு உரியவாயிருத்தலைக் கண்டு உள்ளம் நோகின்றார். மகனிடம் ஒப்புவித்த கடைக்குட் சென்று, பெட்டியடியிலே தம்மிடத்தில் வேறொருவர் இருத்தலைக் கண்ட எவர்க்கும் இந்நோவு புதிதன்று.

லாம் அதன்பின் செய்தது யாது? 1826இல் அவர் பிரித்தானிய நூதனசாலைக்குச் சென்று, கறிக் என்னும் நடிகர் திரட்டி வைத்திருந்த பழைய நாடக நூல்களைப் படித்துப் பகுதிகளைத் தெரிந்தெடுக்கலானார். காலை பத்து மணிமுதல் மாலை நான்கு மணிவரை, தாம் முன்பு காரியாலயத்திலிருந்த அதே நேரத்தை அதற்கு வகுத்துக்கொண்டார். அது தமக்கு ஒருவகைக் காரியாலயமே என்றும், தமக்கு நன்மை செய்கின்றதென்றும், ஒழுங்கான வேலைக்குப் பழகியவனுக்கு அத்தகைய வேலை வேண்டும் என்றும் கருத்துப்பட நண்பர்க்குக் கடிதம் எழுதினார். அத்தெரிவுகள் 1827இல் ஒரு வெளியீட்டிலே தொடர்ந்து வந்தன. பின்னர் இலண்டனை நீங்கி என்பீல்டு என்னும் ஊரிற் குடியிருந்த காலத்தில் அவர் எழுதிய கடிதங்களிலே பொழுது போகாமை பற்றிய முறைப்பாட்டை மீண்டும் காண்கின்றோம்.

லாமுக்கு வந்தது இன்னதென்று நோயின் பெயரிட்டுக் கூற யாம் துணியவில்லை. அவர் கைக்கொண்ட வழியே நமக்கு வேண்டுவது. ஓய்வு நேரத்தை அவர் பொழுதுபோக்கினால் நிரப்பவில்லை. நேரமும் இடமும் முடிவும் உடைய ஒரு கடமையால் நிரப்பினார். அது நின்றபோது வெறுமை திரும்பியது.

துயரமும் நோயும்

இனி, எத்துணைச் சோர்வு இயல்பானது, எது நோய் என்பதை அறிதல் வேண்டும். தொழிலைப் பிரிந்த துக்கம் அலைபோல வந்து போகும். இடையிடையே சிரிப்பும் பசியும் நித்திரையும் உண்டாம். நோயோ விட்டு நீங்காது.

மனச்சோர்வு நோயை வரையறுத்தற்கு அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கைந்நூல் ஒன்பது குறிகளைக் கூறுகின்றது. நாளின் பெரும்பகுதியும் மனம் துயருற்றிருத்தல், முன்பு விரும்பியவற்றில் விருப்பம் அறுதல், பசியிலோ உடல் நிறையிலோ மாற்றம், நித்திரையின்மை அன்றி மிகுநித்திரை, பிறர் காணத்தக்க மந்தமோ பதற்றமோ, களைப்பு, தான் பயனற்றவன், குற்றமுடையவன் என்னும் எண்ணம், மனம் ஒருமுகப்படாமை, சாவைப்பற்றிய நினைவு என்பன அவை. இவற்றுள் முதலிரண்டில் ஒன்றேனும் உட்பட, ஐந்து குறிகள் இரண்டு கிழமைக்குத் தொடர்ந்து நின்று அன்றாட வாழ்வைக் கெடுக்குமாயின், நோயென்று கருதி வைத்தியரை நாடுதல் வேண்டும். இறுதிக் குறி ஒன்றே தோன்றினும் ஒரு நாளும் தாழ்த்தல் கூடாது.

முதியோரிடத்து இந்நோய் வேடம் மாறி வருவதுமுண்டு. ‘கவலையாயிருக்கிறது’ என்று சொல்லாதவர், முதுகுவலி, வயிற்றெரிவு, தலைப்பாரம், மறதி என்று சொல்வர். சிலர் சினமிகுவர், சிலர் மாலைதோறும் மதுவை நாடுவர். மது அன்றிரவு நித்திரை தருவதுபோலக் காட்டிச் சோர்வைப் பெருக்கும். கேடயச் சுரப்பி தொழில் குன்றுதல், இரத்தசோகை, பி 12 உயிர்ச்சத்துக் குறைவு முதலியனவும் சோர்வை ஒத்த நிலையை உண்டாக்கும். ஆதலின், இரத்தப் பரிசோதனை செய்வித்தல் நன்று.

செயல் முந்துக

சோர்வுற்றவர் பெரும்பாலும் சொல்வது, ‘மனம் தேறட்டும், பிறகு வெளியே போகிறேன்’ என்பதாகும். இவ்வரிசையை மாற்றுதலே பரிகாரத்தின் திறவுகோல். மனம் தேறியபின் செயல் என்று காத்திருப்பவர்க்குச் செயலின்மையால் இன்பமும் நிறைவும் குறைகின்றன; அவை குறையக் குறைய மனம் மேலுந் தளர்கின்றது; தளர்ந்த மனம் செயலை மேலும் சுருக்குகின்றது. இச்சுழலை 1970ஆம் ஆண்டுகளில் பீற்றர் லுவின்சொன் என்னும் உளவியலறிஞர் எடுத்து விளக்கினார். மனம் இசையாவிடினும், குறித்த நேரத்திற் குறித்த சிறு செயலைச் செய்க. மனம் பின்னர்ப் பையப் பையத் தொடரும் என்பதே இதனின்று வளர்ந்த சிகிச்சை. அதனைச் செயலூக்கச் சிகிச்சை எனலாம். இங்கிலாந்திலே மனச்சோர்வுற்ற 440 பேரைக்கொண்டு நடத்தப்பட்டு 2016இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, இவ்வெளிய முறை, எண்ணங்களைத் திருத்தும் விரிவான உளச்சிகிச்சைக்குப் பயனிற் குறைந்ததன்று எனக் காட்டியது.

வர்த்தகர்க்கு இம்முறை எளிதிற் கைவரும். அது கணக்கெழுதுவதையே ஒக்கும். ஒரு கொப்பியை எடுத்து, ஒரு கிழமைக்கு, ஒவ்வொரு மணி நேரமும் செய்தது யாது என்றும், அப்போது மனநிலை பத்துக்கு எத்தனை என்றும் எழுதுக. அது நாளேடு. கிழமை முடிவில், எச்செயலின்போது எண் உயர்ந்தது, எச்செயலின்போது தாழ்ந்தது எனப் பிரித்தெழுதுக. அது பேரேடு. சாய்மனைக் கதிரையிற் கழித்த இரண்டு மணி நேரத்துக்கு எண் இரண்டு. வேலியோரத்து வாழைக்குத் தண்ணீர் இறைத்த அரைமணி நேரத்துக்கு எண் நான்கு எனக் கண்டால், அடுத்த கிழமை எதற்கு முதல் இடவேண்டும் என்பதை எந்த வியாபாரிக்கும் பிறர் சொல்லவேண்டியதில்லை.

செயல்கள் சிறியனவாயும் அளவுடையனவாயும் இருத்தல் வேண்டும். ‘இனி நாள்தோறும் ஐந்து மைல் நடப்பேன்’ என்று தொடங்குபவர் மூன்றாம் நாளில் விடுவர். விட்டபின் தம்மை இகழ்வர். பத்து நிமிட நடையைத் தொடங்கி வளர்த்தல் தக்கது. எழும் நேரத்தை மாற்றாது காத்தல் எல்லாவற்றினும் முதன்மையானது. இரவு நித்திரை வராவிடினும் குறித்த வேளையில் எழுந்து, முகங்கழுவி, வெளியுடை உடுத்துக்கொள்க. பகல் நித்திரையைச் சுருக்குக.

ஐந்தையும் மீட்டல்

நாளின் ஒழுங்கை மேற்கூறிய ஏடு தரும். ஏனைய நான்கினையும் தேடிப் பெறவேண்டும்.

பழக்கத்துக்கு: கிழமையில் இருமுறையேனும் வீட்டாரல்லாத ஒருவரைக் காணுதல் வேண்டும். வாசிகசாலை, கூட்டுறவுச் சங்கம், கோயில் பரிபாலனசபை, பழைய மாணவர் சங்கம் என்பன அதற்கென்றே அமைந்தவைபோல் ஊர்தோறும் உள்ளன. பழைய வாடிக்கையாளரையும் போட்டி வியாபாரியையும் காணுதலும் நன்றே. நாற்பது ஆண்டு எதிர்க்கடை நடத்தியவரைவிட நம்மை நன்கறிந்தவர் யாவர்?

நோக்கத்துக்கும் பெயருக்கும்: கற்றதைக் கற்பித்தலினுஞ் சிறந்தது இல்லை. விலை மதித்தல், கடன் கொடுத்தல், சரக்கிருப்புக் காத்தல், நெருக்கடியில் முதலைக் காப்பாற்றுதல் என்பன புத்தகத்தில் முழுதும் வாரா. வணிகம் பயிலும் மாணவர் பத்துப்பேருக்கு மாதமொருமுறை அவற்றைச் சொல்பவர், ‘முதலாளி’ என்னும் விளியை இழந்தவிடத்து ‘ஐயா’ என்னும் விளியைப் பெறுவர்.

கட்டாயத்துக்கு: பிறர் நம்மை எதிர்பார்க்கும் வேலையொன்றை ஏற்றுக்கொள்க. தாமே தமக்கு விதித்த வேலையை மழை பெய்தால் விடலாம். ஒருவர் வாசலிற் காத்திருப்பாராயின் விடல் அரிது.

பழைய கடையைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். நாள்தோறும் சென்று நின்று மகன் செய்வதிற் குற்றங் காணுதல் இருவர்க்கும் தீது. முற்றாக மறந்திருத்தலும் ஆகாது. கிழமையில் ஒரு நாள், குறித்த நேரம், குறித்த ஒரு பொறுப்பு எனத் தந்தையும் மகனும் பேசி முடிவு செய்தல் தக்கது. அந்நாளில் அவர் அழைக்கப்பட்டவராகச் செல்வர்.

நம் மரபு

தொழிலை விட்டு நீங்குதற்கு நம் முன்னோர் இலக்கணம் வகுத்திருக்கின்றனர். இல்லறத்துக்கும் துறவுக்கும் நடுவே வானப்பிரஸ்தம் என்னும் நிலையை வைத்தமை, எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுதல் மனிதர்க்கு அரிது என்பதை அறிந்தேயாம். காட்டுக்குச் சென்றவனுக்கும் ஐந்து வேள்விகளை மனுநூல் விதிக்கின்றது. நாள்தோறும் செய்யுங் கடமை அங்கும் நீங்கவில்லை. சைவநெறியிலே, சரியைத் தொண்டு உடலால் இயன்று செய்யப்படுவது. திருநாவுக்கரசு நாயனாரை உழவாரப்படையோடு எழுதிக் காட்டும் வழக்கத்தை நாம் அறிவோம். அலகிடுதலும் பூத்தொடுத்தலும் முதுமைக்கும் இயலும். நேரமும் இடமும் உடையன. பிறரோடு கூடிச் செய்யப்படுவன.

பகவத்கீதையின் முதல் அத்தியாயத்துக்கு அருச்சுன விஷாத யோகம் என்பது பெயர். வில்லை நழுவவிட்டுத் தேர்த்தட்டில் அமர்ந்த வீரனின் சோர்விலேயே அந்நூல் தொடங்குகின்றது. சோர்வு கோழைக்கே உரியது என்பார் இதனைச் சிந்திப்பாராக.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நோயுற்றவரை நோக்கி, ‘கோயிலுக்குப் போ, எல்லாம் சரியாகும்’ என்று கூறி வைத்தியத்தைத் தடுத்தல் பெருந்தீங்கு. நீரிழிவுக்கு மருந்துண்பவர் வழிபாட்டையும் விடுவதில்லை, மருந்தையும் விடுவதில்லை. இதுவும் அத்தகையதே.

வைத்தியமும் வீட்டார் கடமையும்

மனச்சோர்வுக்குரிய மருந்துகள் உண்ட அன்றே பயன்தருவன அல்ல. குணம் தோன்றுதற்குச் சில கிழமை செல்லும். பயனில்லையென்று பத்தாம் நாளில் நிறுத்துவோர் பலர். குணமானபின்னும் ஏறக்குறைய ஆறு மாதமேனும் தொடரவேண்டுமென்பதும், வைத்தியரைக் கேளாது திடீரென நிறுத்தலாகாதென்பதும் பொதுவிதி. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உள்ளன. அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை இலங்கையின் எப்பகுதியிலிருந்தும் அழைக்கலாம். 1974இல் நிறுவப்பட்ட சுமித்ரயோ என்னும் சங்கமும் மனந்தளர்ந்தோர் சொல்வதைப் பொறுமையோடு கேட்டு உதவுகின்றது.

வீட்டார், ‘உங்களுக்கு என்ன குறை?’ என்னும் வினாவை விடுவாராக. அது விடைகேட்கும் வினாவன்று, குற்றச்சாட்டு. ‘இன்று நித்திரை எப்படி? கொஞ்சத் தூரம் நடந்துவிட்டு வருவோமா?’ என்பதே பயன்படும். மனைவியார் நிலையும் கருதற்பாலது. நாற்பது ஆண்டு அவர் ஆட்சியிலிருந்த வீட்டினுள் இப்போது மற்றொருவர் பகல்முழுதும் இருக்கின்றார். யப்பான் நாட்டிலே, இளைப்பாறியபின் மனைவியை விட்டகலாத கணவரை ‘நனைந்த சருகு’ என்று கேலியாகச் சொல்வர். கூட்டித் தள்ளினும் காலில் ஒட்டிக்கொள்ளும் என்பது கருத்து. இருவர்க்கும் தனித்தனி வேலையும், ஒன்றாக இருக்கும் நேரமும் வகுத்துக்கொள்வது நல்லது.

இறத்தல் பற்றிய பேச்சை ஒருபோதும் அலட்சியஞ் செய்யற்க. ‘அப்படி எண்ணம் வருகிறதா?’ என்று நேரே கேட்டல் அவ்வெண்ணத்தை விதைக்கும் என்பது தவறான நம்பிக்கை. கேட்டலால் மனப்பாரம் குறையும். அத்தகையவரைத் தனியே விடாது, வீட்டிலுள்ள பூச்சிகொல்லி மருந்துகளை அகற்றி, அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்க. இலங்கையிலே 1995இல் ஓர் இலட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை, கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டபின் 2005அளவில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நஞ்சு கைக்கெட்டாதபோது அக்கொடிய வேளை கடந்துபோகின்றது. கடந்தபின் மனிதர் வாழ்கின்றனர் என்பதை நம் நாடே உலகுக்குக் காட்டியிருக்கின்றது.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. தொழில் விட்டபின் வரும் சோர்வு, தொழிலோடு நீங்கிய ஐந்தின் குறைவால் வருவது. அவற்றை ஒவ்வொன்றாக மீட்டற்கு, மனம் இசையுமுன்னரே சிறு செயலைத் தொடங்கல் வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் நிலைத்து நிற்பின், அல்லது சாவெண்ணம் தோன்றின், அது வைத்தியர்க்குரியது.

இன்னும் தொழிலை விடாத பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்: ஐம்பதாவது வயதிலேயே கடைக்கு வெளியே ஒரு கடமையைத் தேடிக்கொள்ளுங்கள், விடும் நாளை நீங்களே குறித்துச் சிறிது சிறிதாக விடுங்கள். மாணவர்க்கும் ஒன்று சொல்வோம். உங்கள் வீட்டுத் திண்ணையிலே பேசாதிருக்கும் அப்பாவோ பேரனாரோ ஒரு காலத்தில் நூறுபேர் பற்றுவரவை நினைவில் வைத்திருந்தவர். உங்கள் கணக்கியற் பாடப்புத்தகத்தை எடுத்துச் சென்று, விளங்காத ஒரு கணக்கை அவரிடம் கேளுங்கள். முதல் நாள் அவர் மறுக்கலாம். மறுநாளும் அதே நேரத்திற் செல்லுங்கள்.